விண்டோஸில் ஃபோல்டர்கள் திறக்கும் விதத்தை மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். வேறுபாடு இருக்கும் இடங்களில் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களே, தமிழ் எழுத்தில்.

ஆரம்பத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முதலில் எந்த இடத்தில் திறக்கிறது என்பது ஒரு செட்டிங். ஃபோல்டருக்குள் போனால் அது பட்டியலாகத் தெரிகிறதா படங்களாகத் தெரிகிறதா என்பது வேறொரு செட்டிங். நீங்கள் ஒரு ஃபோல்டரில் செய்த மாற்றத்தை விண்டோஸ் நினைவில் வைத்திருப்பது மூன்றாவது. ஒன்றில் இருக்கும் கோளாறை இன்னொன்றில் போய்ச் சரிசெய்யப் பார்ப்பதால்தான் "எத்தனை தடவை மாற்றினாலும் பழையபடியே வருகிறது" என்ற புலம்பல் வருகிறது.

இந்த செட்டிங்குகள் எல்லாம் எங்கே இருக்கின்றன?

"ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்" என்ற சின்ன விண்டோவில். விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்தால் "ஆப்ஷன்ஸ்" தெரியும். விண்டோஸ் 10-இல் "வியூ" டேபுக்குப் போனால் வலது ஓரத்தில் "ஆப்ஷன்ஸ்" இருக்கும். விண்டோ திறந்ததும் "ஜெனரல்", "வியூ", "செர்ச்" என்று மூன்று டேப்கள். நமக்கு முதல் இரண்டு போதும்.

எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் "ஹோம்" வருகிறது. எனக்கு நேராக சி, டி டிரைவ்கள் தெரிய வேண்டும்.

ஜெனரல் டேபில் முதல் வரியே இதுதான்: "ஓபன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டூ". அதில் "திஸ் பிசி" என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி டாஸ்க்பாரில் இருக்கும் மஞ்சள் ஃபோல்டரைக் கிளிக் செய்தாலும், விண்டோஸ் கீயோடு ஈ-யை அழுத்தினாலும் டிரைவ்கள்தான் வரும். விண்டோஸ் 10-இல் "ஹோம்" என்பதற்குப் பதிலாக "க்விக் ஆக்சஸ்" என்று இருக்கும். வேலை ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், பென் டிரைவ் அடிக்கடி செருகுபவர்களுக்கு "திஸ் பிசி"தான் வசதி. ஒரே நான்கைந்து ஃபோல்டர்களில் நாள் முழுக்கப் புழங்குபவர்கள் "ஹோம்" இருந்தபடியே விட்டுவிடலாம்.

"திஸ் பிசி"யும் வேண்டாம். டி டிரைவில் இருக்கும் என் கணக்கு ஃபோல்டரே நேராகத் திறக்க வேண்டும். முடியுமா?

அந்த வரியில் நாம் விரும்பும் ஃபோல்டரைக் கொடுக்க இடமில்லை. ஆனால் சுற்றுவழி இருக்கிறது, அதுவும் சுலபமானதுதான். அந்த ஃபோல்டரை மவுஸால் இழுத்து டாஸ்க்பாரில் இருக்கும் எக்ஸ்ப்ளோரர் ஐகான்மேல் விடுங்கள். அப்புறம் அந்த ஐகானை ரைட் கிளிக் செய்தால், வரும் பட்டியலில் உங்கள் ஃபோல்டர் பின் செய்யப்பட்டு நிற்கும்.

கீபோர்டிலேயே கை வைத்து வேலை செய்பவராக இருந்தால் இன்னொன்று. ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் உருவாக்குங்கள். அதை ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போனால் "ஷார்ட்கட் கீ" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கே எழுத்தை அழுத்தினால் "கன்ட்ரோல் + ஆல்ட் + கே" என்று தானே நிரம்பிக்கொள்ளும். அதன்பிறகு எந்தப் புரோகிராமில் இருந்தாலும் அந்த மூன்று கீகளை அழுத்தினால் ஃபோல்டர் திறக்கும். ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து வேறு எங்காவது நகர்த்திவிட்டால் கீ வேலை செய்யாமல் போகலாம். டெஸ்க்டாப்பிலேயே விட்டுவையுங்கள்.

எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததுமே கடைசியாகப் பார்த்த ஃபைல்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. கம்ப்யூட்டரைப் பலபேர் பயன்படுத்துகிறோம்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் இதை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். ஒருவர் ஆதார் நகல் எடுத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்து வருபவருக்காக எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், முந்தையவரின் பெயரோடு அந்த ஃபைல் மேலேயே நிற்கும். ஜெனரல் டேபின் அடியில் "பிரைவசி" என்ற பகுதி இருக்கிறது. அங்கே சமீபத்திய ஃபைல்களைக் காட்டு, அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்களைக் காட்டு என்ற பொருளில் இருக்கும் டிக்குகளை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் "கிளியர்" பட்டனை அழுத்துங்கள்.

இதனால் போவது பட்டியல் மட்டும்தான். ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியேதான் இருக்கும். அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும்; ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

ஒவ்வொரு ஃபோல்டரைத் திறக்கும்போதும் புதுப்புது விண்டோவாக வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

ஜெனரல் டேபில் "ப்ரவுஸ் ஃபோல்டர்ஸ்" என்ற இடத்தில் "ஓபன் ஈச் ஃபோல்டர் இன் த சேம் விண்டோ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

விண்டோஸ் 95-இல் இந்தப் புது விண்டோ முறைதான் இயல்பாகவே இருந்தது. ஐந்து ஃபோல்டர் ஆழத்துக்குப் போனால் திரையில் ஐந்து விண்டோ. லினக்ஸ் பக்கத்தில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பும் 2004-இல் இதே முறையைக் கொண்டுவந்து நிறைய வசவு வாங்கிக்கொண்டது. ஆனாலும் இதையே விரும்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், குறிப்பாக ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கும் செட்டிங்கையே மாற்றத் தேவையில்லை. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு டபுள் கிளிக் செய்தால் அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் புது விண்டோவில் திறக்கும்.

செட்டிங் சரியாக இருந்தும் புது விண்டோவே வருகிறது என்றால் கீபோர்டில் கன்ட்ரோல் கீ சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டீ சிந்திய கீபோர்டுகளில் நடக்கிற விஷயம்தான்.

புது விண்டோவுக்குப் பதில் டேபாகத் திறக்க வழி?

விண்டோஸ் 11-இல் 2022 கடைசியில் வந்த அப்டேட்டிலிருந்து எக்ஸ்ப்ளோரரில் டேப்கள் உண்டு. ஃபோல்டரை மவுஸின் நடுச் சக்கரத்தால் கிளிக் செய்தால் புது டேபில் திறக்கும். காலி டேப் வேண்டுமானால் கன்ட்ரோல் + டி (T). விண்டோஸ் 10-இல் இந்த வசதி இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அதற்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

டபுள் கிளிக் செய்யக் கை வலிக்கிறது. ஒரே கிளிக்கில் திறக்க முடியுமா?

முடியும். அதே ஜெனரல் டேபில் "சிங்கிள்-கிளிக் டு ஓபன் அன் ஐட்டம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். டபுள் கிளிக்கின் இரண்டாவது கிளிக் தாமதமாகி ஃபைல் பெயரை மாற்றும் கட்டம் திறந்துகொள்கிறதே, அந்தத் தொல்லையும் இருக்காது.

ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபைலைத் தேர்ந்தெடுக்க இனி கிளிக் செய்யக்கூடாது. அம்புக்குறியை அதன்மேல் ஒரு நொடி நிறுத்தினாலே தேர்வாகிவிடும். சும்மா மவுஸை நகர்த்தும்போதுகூட எதாவது ஒன்று தேர்வாகி நிற்கும். அந்த நேரம் பார்த்து டெலீட் கீ அழுத்திவிட்டால் வேறு ஃபைல் போய்விடும். இணையப் பக்கம் மாதிரியே ஃபோல்டரும் இருக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-உடன் கொண்டுவந்த முறை இது. பெரிதாக ஓடவில்லை. பல வருடம் ஒற்றைக் கிளிக்கையே இயல்பாக வைத்திருந்த கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்கூட, 2024-இல் பிளாஸ்மா 6 வெளியானபோது டபுள் கிளிக்குக்கு மாறிவிட்டது. கை வலி இல்லையென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வலிக்கு மாற்று வேண்டுமென்றால், முதலில் மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அல்லது ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள்.

ஒரு ஃபோல்டர் பட்டியலாகத் திறக்கிறது, இன்னொன்று பெரிய பெரிய படங்களாகத் திறக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி வர என்ன செய்வது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வகையை ஒட்டிவிடுகிறது. "ஜெனரல் ஐட்டம்ஸ்", "டாக்குமென்ட்ஸ்", "பிக்சர்ஸ்", "மியூசிக்", "வீடியோஸ்" என்று ஐந்து வகை. நாம் சொல்லாவிட்டால், உள்ளே எந்த மாதிரி ஃபைல் அதிகம் என்று பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். அலுவலகக் கடிதங்கள் இருக்கும் ஃபோல்டரில் ஸ்கேன் செய்த படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால், ஒருநாள் அது தன்னைப் பட ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும். நீங்கள் எதையுமே தொடாமல் தோற்றம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு ஃபோல்டருக்கு எந்த வகை ஒட்டியிருக்கிறது என்பதை டீடெய்ல்ஸ் தோற்றத்தில் தலைப்புக் கட்டங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். "டேட் மாடிஃபைட்" என்று இருந்தால் சாதாரண வகை அல்லது டாக்குமென்ட். வெறும் "டேட்" இருந்து பக்கத்தில் "டேக்ஸ்" இருந்தால் படம். "ஆல்பம்" என்று இருந்தால் அது உங்கள் ஃபோல்டரைப் பாட்டுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

வகையை மாற்ற: ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்", அதில் "கஸ்டமைஸ்" டேப். "ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்" என்ற இடத்தில் "ஜெனரல் ஐட்டம்ஸ்" கொடுங்கள். அடியில் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லும் ஒரு டிக் இருக்கும், அதையும் போடுங்கள். உங்கள் வேலை ஃபோல்டர்கள் எல்லாம் ஒரு பெரிய ஃபோல்டருக்குள் இருந்தால் இதை ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

அடுத்தது தோற்றம். அந்த வகை ஃபோல்டர் ஒன்றைத் திறந்து உங்களுக்குப் பிடித்த மாதிரி வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 6 அழுத்தினால் டீடெய்ல்ஸ். 2 அழுத்தினால் பெரிய ஐகான். 1 முதல் 8 வரை எட்டுத் தோற்றங்கள், மெனுவுக்கே போக வேண்டாம். கட்டங்களின் அகலம், வரிசை எல்லாம் சரிசெய்தபின், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "வியூ" டேபுக்குப் போய் "அப்ளை டு ஃபோல்டர்ஸ்" அழுத்துங்கள்.

"அப்ளை டு ஃபோல்டர்ஸ்" கொடுத்தும் சில ஃபோல்டர்கள் மாறவே இல்லையே?

அந்தப் பட்டனை அழுத்தியதும் ஒரு கேள்வி வருமே, இந்த வகை ஃபோல்டர்கள் எல்லாம் இதே மாதிரி இருக்கட்டுமா என்று. அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. எல்லா ஃபோல்டருக்கும் அல்ல, அதே வகை ஃபோல்டர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பட வகைக்கும் அதே தோற்றம் வேண்டுமென்றால் ஒரு பட ஃபோல்டரைத் திறந்து அங்கிருந்து இன்னொரு தடவை செய்ய வேண்டும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் இந்த ஐந்திலும் சேராது, அதற்கென்று தனி வகை வைத்திருக்கிறார்கள். அதை அதற்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

டவுன்லோட்ஸில் "டுடே", "எஸ்டர்டே", "லாஸ்ட் வீக்" என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது. எப்படி நீக்குவது?

ஃபோல்டருக்குள் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து "குரூப் பை", அதில் "நன்". அவ்வளவுதான்.

நீக்குவதற்கு முன் இரண்டு நாள் அப்படியே பயன்படுத்திப் பாருங்கள் என்பேன். இப்போது இறக்கிய ஃபைல் எப்போதும் மேலேயே இருப்பது நல்ல வசதி. பெயர் வரிசையில் போட்டுவிட்டு, இறக்கிய ஃபைலைக் காணோம் என்று தேடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கல்யாண ஃபோட்டோக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஃபோல்டர் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது. மேலே பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் சின்னப் பிரதி தயாராகிறது. மற்றொன்று வெளியே தெரியாது: பட வகை ஃபோல்டரில் இருக்கும் அந்த "டேட்" கட்டம், ஃபைல் எப்போது சேமிக்கப்பட்டது என்பதைக் காட்டுவதில்லை. கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த, எடுத்த தேதியைக் காட்டுகிறது. அந்தக் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால், வரிசை போடுவதற்கே ஒவ்வொரு ஃபைலையும் திறந்து உள்ளே படிக்க வேண்டியிருக்கிறது. ஃபைல்கள் பழைய ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் மேலே சொன்னபடி வகையை "ஜெனரல் ஐட்டம்ஸ்" ஆக்கி, டீடெய்ல்ஸ் தோற்றத்தில் "டேட் மாடிஃபைட்" அல்லது பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். வித்தியாசம் உடனே தெரியும். படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் பெரிய ஐகானுக்கு மாறிக்கொள்ளுங்கள். வியூ டேபில் "ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்" என்ற டிக்கும் இருக்கிறது, ஆனால் அது எல்லா ஃபோல்டரிலும் படங்களை மறைத்துவிடும். ஸ்டூடியோ வேலைக்கு ஒத்துவராது.

இன்னொரு விஷயம். ஒருமுறை தயாரான சின்னப் பிரதிகளை விண்டோஸ் சேமித்துவைத்துக்கொள்ளும், அடுத்த முறை வேகமாகத் திறக்கும். வாராவாரம் டிஸ்க் கிளீனப் ஓட்டி "தம்ப்நெயில்ஸ்" டிக்கையும் சேர்த்துப் போட்டால் அவை எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த ஒரு டிக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்ப்ளோரரில் எல்லாம் சரியாக இருக்கிறது. மெயிலில் ஃபைல் இணைக்கப் போனால் மட்டும் பழைய தோற்றம் வருகிறது.

ஃபைலைத் திற, சேமி என்று கேட்கும் அந்தச் சின்ன விண்டோவுக்குத் தனி நினைவு. எக்ஸ்ப்ளோரரில் செய்த மாற்றம் அங்கே எட்டாது. அந்த விண்டோ திறந்திருக்கும்போதே உள்ளே தோற்றத்தை மாற்றி, ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து வேலையை முடியுங்கள். அடுத்த முறை அப்படியே வரும்.

என் பென் டிரைவில் தோற்றத்தை மாற்றிவைத்தேன். நண்பர் கம்ப்யூட்டரில் அப்படி வரவில்லை.

வராது. ஃபோல்டரின் தோற்றம், வரிசை போன்றவை பென் டிரைவில் எழுதப்படுவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் யூசர் கணக்கில் பதிவாகின்றன. அதே கம்ப்யூட்டரில் வேறொருவர் லாகின் செய்தால்கூட அவருக்கு அவருடைய தோற்றம்தான். வழக்கமாக 5000 ஃபோல்டர்கள் வரை நினைவு வைத்திருக்கும். அதற்குமேல் போனால் பழையவை மறந்துபோகும்.

மேக் கம்ப்யூட்டரில் நிலைமை நேர்மாறு. எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாக அங்கே இருக்கும் ஃபைண்டர் அந்தக் குறிப்பை ஃபோல்டருக்குள்ளேயே ஒரு மறைவான ஃபைலாக எழுதிவிடும். மேக்கில் செருகிய பென் டிரைவை விண்டோஸில் திறந்தால், புள்ளியில் தொடங்கும் பெயரோடு விசித்திரமான ஃபைல்கள் கிடப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுகிறார்கள். வைரஸ் இல்லை.

உள்ளே உள்ளே போகும்போது இடது பக்கப் பட்டியல் கூடவே விரியவில்லை.

வியூ டேபில் "நேவிகேஷன் பேன்" என்ற தலைப்பின் கீழ் "எக்ஸ்பேண்ட் டு ஓபன் ஃபோல்டர்" டிக் போடுங்கள். ஆழமான ஃபோல்டர்களில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு நல்ல துணை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் திறந்திருந்த ஃபோல்டர்கள் மறுபடி திறக்குமா?

"ரீஸ்டோர் ப்ரீவியஸ் ஃபோல்டர் விண்டோஸ் அட் லாகான்" என்ற டிக், வியூ டேபிலேயே. காலையில் வந்ததும் நேற்றைய ஃபோல்டர்கள் திறந்து நிற்கும்.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் கடைசிக்குப் போய்விடுகின்றன.

பெயர் வரிசையில் எண்கள் முதலிலும், ஆங்கில எழுத்துகள் அடுத்தும், தமிழ் அதற்குப் பிறகும் வரும். மேலே வேண்டிய ஃபோல்டருக்கு முன்னால் 1, 2 என்று எண் சேர்த்துவிடுங்கள். 10 என்பது 2-க்கு முன்னால் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம், எக்ஸ்ப்ளோரர் எண்ணை எண்ணாகவே பார்த்து வரிசைப்படுத்தும்.

எக்ஸ்ப்ளோரர் திறப்பதே தாமதமாகிறது. உள்ளே ஃபைல்கள் குறைவுதான்.

பெரும்பாலும் "ஹோம்" பக்கத்தில் மாட்டியிருக்கும் ஏதோ ஒரு முகவரிதான் காரணம். ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்த ஒரு ஃபோல்டரைப் பின் செய்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் அது கிடைக்காது, ஆனால் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு முறையும் அதைத் தேடிக் காத்திருக்கும். அந்தப் பின்னை எடுத்துவிடுங்கள். பிரைவசி பகுதியில் "கிளியர்" கொடுங்கள். தொடக்க இடத்தையும் "திஸ் பிசி"க்கு மாற்றிப் பாருங்கள்.

ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் திறக்காமல் வேறேதோ புரோகிராம் திறக்கிறது.

ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, விண்டோஸ் 11 என்றால் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" வரை போய், வரும் மெனுவில் எந்த வரி தடித்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டபுள் கிளிக் செய்தால் நடப்பது அந்த வரிதான். "ஓபன்" என்பது தடிப்பாக இல்லாமல் ஏதோ ஒரு வீடியோ பிளேயரோ தேடும் கருவியோ தடிப்பாக இருந்தால், அந்தப் புரோகிராம் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் செட்டிங்கில் ரைட் கிளிக் மெனுவில் சேர்வதை நிறுத்துங்கள், அல்லது புரோகிராமையே எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால், விண்டோஸின் உள் செட்டிங்குகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

மாற்றி மாற்றி எல்லாம் குழம்பிவிட்டது. பழையபடி கொண்டுவர முடியுமா?

ஜெனரல், வியூ இரண்டு டேப்களிலும் "ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்" பட்டன் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அழுத்த வேண்டும், ஒன்று மற்றொன்றைத் தொடாது. ஃபோல்டர் தோற்றத்துக்கு வியூ டேபின் மேலே "ரீசெட் ஃபோல்டர்ஸ்". இதுவும் வகைக்கு ஒருமுறைதான்: சாதாரண ஃபோல்டர் ஒன்றில் நின்று ஒரு தடவை, பட ஃபோல்டரில் நின்று ஒரு தடவை. முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் "விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்" வரியை ரைட் கிளிக் செய்து "ரீஸ்டார்ட்" கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து திரும்ப வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ஏதாவது ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுத்திருந்து செய்யுங்கள்.